வணிகர் கூட்டமைப்பும் பொருள் வரைதலும்

(பேட்டையில் நடைபெற்ற பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

‘தொழில் நிறுவனங்களும் வளங்குன்றா வளர்ச்சியும்’ என்னும் தலைப்பை எனக்கு அளித்த குழுவினர், அதற்கான காரணத்தையும் உடன் சொன்னார்கள். நம் குடும்பத்தார் சிலர் இங்குள்ள தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு பட்டறைகளும் சிறு ஆலைகளும் நடத்தி வருகிறார்கள். அவர்களிடம் பொருள் வாங்கும் பெரிய நிறுவனங்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரு படிவம் வருகிறது. மாதம் எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது, எத்தனை லிட்டர் தண்ணீர் எடுக்கிறீர்கள், கழிவுநீர் எங்கே போகிறது, குப்பையை யார் எடுக்கிறார்கள் என்று பல பக்கங்கள். இறுதியில், ‘யாம் சுற்றுச்சூழல் நெறிகளை முழுமையாகப் பின்பற்றுகிறோம்’ என ஓர் உறுதிமொழி; அதன் கீழே கையொப்பம். ‘எல்லோரும் போடுகிறார்கள், நாமும் போட்டுவிடலாமா?’ என்பதே குழுவினர் முன் வந்த கேள்வி.

இதற்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் படிவம் எங்கிருந்து புறப்பட்டு நம் வாசலுக்கு வந்தது என்று தெரிந்துகொண்டால், விடையை நீங்களே சொல்வீர்கள்.

வணிகர் ஒன்றுகூடிப் பொதுநலனுக்கு ஒரு பொறுப்பை ஏற்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மதுரைக்கு வடகிழக்கே உள்ள மாங்குளம் மலைக்குச் சென்று பாருங்கள். ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் அங்கே உள்ளன. கணி நந்தன் என்னும் சமண முனிவருக்குப் பாறையில் உறைவிடம் அமைத்துக் கொடுத்தோரின் வரிசையில், வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தாரும் இருக்கின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு. தனி வணிகன் கொடுப்பது ஒன்று. குழுவாகச் சேர்ந்து, குழுவின் பெயரில் கொடுப்பது வேறொன்று. இந்த இரண்டாவது வகைக்குத் தமிழ் மண்ணில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று ஒரு சமணக் குகைவாசலில் இருக்கிறது. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகன், துணி வணிகன், வெல்ல வணிகன், உழுபடைக்குக் கொழு விற்பவன் எனப் பலரது பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் வெட்டப்பட்டுள்ளன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. சிற்றாறு பொருநையோடு சேரும் சீவலப்பேரிக்கு அருகே மறுகால்தலை என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றின் கற்படுக்கையும், அதைச் செய்வித்தவன் பெயரைச் சொல்லும் தமிழ்ப் பிராமி வரியும் நம் நெல்லைச் சீமைக்கே உரியவை. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள் என்பதை இங்கே கேட்கப் போவதில்லை.

இனி, நாம் கூடியிருக்கும் ஊரின் பெயருக்கு வருவோம். பேட்டை என்றால் நகரை ஒட்டி அமைந்த வணிகக் குடியிருப்பு, சந்தைப் பகுதி. இராமநாதபுரம் சீமையில் 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்கு மேலும் கூர்மையான ஒரு பொருள் உண்டு. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் நாடார் வணிகர்கள் தம் வண்டிகளும் மாடுகளும் சரக்குகளும் இராத்தங்குவதற்குச் சுற்றுச்சுவர் வைத்த வளாகங்களைக் கட்டினார்கள். அவற்றுக்கும் பேட்டை என்றே பெயர். கள்வர் பயமின்றித் தங்கவும், பண்டங்களை விற்கவும் அவை இடம் தந்தன. அங்கே தங்கியவர்களும் விற்றவர்களும் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். அந்த மகமையைக் கொண்டு கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1880களில் பிறந்தது இந்தப் பணத்தினால்தான்.

மகமையில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். அது மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சரக்கின் மீது விழுந்தது. அந்த ஆண்டு உமக்கு இலாபமா நட்டமா என்று யாரும் கேட்கவில்லை. பேட்டையின் தரையில் உம் வண்டிச் சக்கரம் பதிந்ததா, உம் மாடு பேட்டைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததா? அப்படியானால் மகமை உண்டு. பயன்படுத்திய அளவுக்குக் கடமை என்பது அதன் உள்ளுறை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இக்காலத்துப் பெருங்கூட்டமைப்புகளின் கதைக்கு வருவோம்.

இந்தியப் பெருவணிகர்கள் நாடு தழுவிய அளவில் ஒன்றுசேர்ந்தது 1927ஆம் ஆண்டு. காந்தியடிகளின் அறிவுரையை ஏற்று, கன்ஷியாம்தாஸ் பிர்லாவும் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாசும் இந்திய வணிகத் தொழில் கழகங்களின் கூட்டமைப்பை, அதாவது ஃபிக்கியை, நிறுவினார்கள். அதன் வேலை அந்நியர் ஆட்சியில் நம்மவர் தொழிலைக் காப்பது. ஆறும் காற்றும் அப்போது யாருடைய கணக்கிலும் இல்லை. செல்வர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாவே அன்றி உடைமையாளர் அல்லர் என்று காந்தியடிகள் வலியுறுத்தி வந்தார். அந்தக் கருத்து சமணரின் அபரிக்கிரகத்தோடு எவ்வளவு நெருங்கியது என்பது நமக்கு விளங்கும். அவருக்கு நெருக்கமான ஆன்மிக நண்பராக விளங்கிய இராஜசந்திரர் ஒரு சமணர், அதிலும் வைர வணிகர். ஆயினும் தர்மகர்த்தாக் கொள்கை பெரும்பாலும் மேடையிலேயே தங்கிவிட்டது. 1965இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முயற்சியால் புது தில்லியில் தொழிலதிபர்களும் அறிஞர்களும் கூடி, வணிகத்தின் சமூகப் பொறுப்புகள் குறித்து ஓர் அறிவிப்பை வெளியிட்டார்கள். நல்ல அறிவிப்புதான்.

சுற்றுச்சூழல் என்னும் சொல் பெருவணிகத்தின் பேச்சில் நுழைந்ததற்கு 1992இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் கூடிய புவி உச்சிமாநாடு காரணம். மாநாட்டின் பொதுச்செயலாளர் மாரிஸ் ஸ்ட்ராங், ஸ்டீபன் ஷ்மித்ஹெய்னி என்னும் சுவிட்சர்லாந்துத் தொழிலதிபரை அழைத்து, உலகத் தொழில் தலைவர்களைத் திரட்டும்படி கேட்டுக்கொண்டார். அவரும் ஏறத்தாழ 50 நிறுவனத் தலைவர்களைச் சேர்த்து ஒரு மன்றம் அமைத்தார். குறைந்த மூலப்பொருளில், குறைந்த கழிவோடு, கூடுதல் உற்பத்தி என்னும் சூழல் திறன் கொள்கையை அவர்கள் முன்வைத்தார்கள். 1995இல் அந்த மன்றம் மற்றோர் அமைப்போடு இணைந்து, வளங்குன்றா வளர்ச்சிக்கான உலக வணிகர் மன்றமாயிற்று.

இந்த ஷ்மித்ஹெய்னியின் கதையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அவருடைய குடும்பச் சொத்து கல்நார் சிமெண்டுத் தொழிலில் வந்தது. பொறுப்புக்கு வந்தபின் கல்நாரைக் கைவிடுவதாக அறிவித்தவர் அவர்தான். ஆனால் இத்தாலியிலிருந்த அந்த ஆலைகளின் தூசியினால் தொழிலாளரும் அக்கம்பக்கத்தாரும் பெருந்தொகையில் இறந்தனர் என்று வழக்கு நடந்தது. 2012இல் துரின் நகர நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 2014இல் இத்தாலியின் உயர்ந்த நீதிமன்றம், காலவரம்பு கடந்துவிட்டது என்று கூறி அந்தத் தீர்ப்பை நீக்கியது. அதன்பின்னரும் வேறு வழக்குகள் தொடர்ந்தன. அவர் நல்லவரா தீயவரா என்பதைத் தீர்ப்பது நம் வேலையன்று. உலகத் தொழிலதிபர்களை அறத்தின்பால் அழைத்தவருடைய பழைய கணக்கிலேயே தீராத ஒரு பக்கம் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். செய்த வினை, செய்தவனை விட்டு அகலுவதற்கு நீதிமன்றத்தின் காலவரம்பு போதாது என்பது நம் ஆகமம் அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அன்று.

இந்த உலக மன்றத்தின் இந்தியக் கிளைபோல 2001இல் ஒரு கூட்டமைப்பு தோன்றியது. தில்லியில் உள்ள டெரி என்னும் ஆய்வு நிறுவனத்தின் நிழலில், பல பெரிய நிறுவனங்கள் உறுப்பினராகச் சேர்ந்தன. அதே ஆண்டில் இந்தியத் தொழில் கூட்டமைப்பாகிய சி.ஐ.ஐ., பசுமைக் கட்டட மன்றத்தைத் தொடங்கியது. 1895இல் கல்கத்தாவில் பொறியியல், இரும்பு வணிகர்களின் சங்கமாகத் தோன்றிப் பல பெயர் மாறி, 1992இல் இப்போதைய பெயரைப் பெற்ற அமைப்பு அது. 2004ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள், ஐதராபாத்தில் அதன் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தைத் திறந்து வைத்தவர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். அமெரிக்கப் பசுமைக் கட்டட அளவையில் மிக உயர்ந்த தரச்சான்றான பிளாட்டினத்தை அமெரிக்காவுக்கு வெளியே முதலில் பெற்ற கட்டடம் அது. வளாகத்துக் கழிவுநீர் முழுவதும் செடிகளின் வேர்ப்படுகையால் தூய்மையாக்கப்பட்டு, அங்கேயே தோட்டத்துக்குப் பயன்படுகிறது. ஒரு துளியும் வெளியே போவதில்லை. காற்று புகுவதற்குத் துளைகளிட்ட சாலரச் சுவர்கள். எளிய உத்திகள். கோயிலூர்களில் வளர்ந்த நமக்குச் சாலரச் சுவரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எனினும் அந்த மையம் ஆலை ஆலையாகச் சென்று மின்சாரத்தையும் தண்ணீரையும் அளந்து காட்டியது பெரும் பணி. அளந்தாலன்றி எது வீணாகிறது என்றே தெரியாது. இந்தக் கூட்டமைப்புகள் நாட்டுக்குச் செய்த மெய்யான நன்மை, அளக்கக் கற்றுக்கொடுத்ததுதான் என்பது என் கருத்து.

அவை செய்யாதது எது? எல்லை வகுக்கவில்லை. ஒரு மூட்டை சிமெண்டுக்கு, ஒரு சட்டைக்கு ஆகும் தண்ணீரைக் குறைத்தார்கள். பத்துச் சட்டை நெய்த இடத்தில் நூறு சட்டை நெய்தால், மொத்தத் தண்ணீர் கூடத்தானே செய்யும்? ‘இவ்வளவுக்கு மேல் எடுக்க மாட்டோம்’ என்று தானாக முன்வந்து சொல்வது எந்தக் கூட்டமைப்புக்கும் இயல்பாக வரவில்லை. உறுப்பினர்களின் வளர்ச்சிக்காகவே பிறந்த அமைப்பிடம் அதை எதிர்பார்ப்பதும் கடினம்.

ஆகவே அரசு தலையிட்டது. 2009இலும் 2011இலும் தன்னார்வ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ உள்ள நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2012 முதல் பெரிய 100 நிறுவனங்களிடம் பொறுப்பறிக்கை கேட்டது. பின்னர் அதை விரிவாக்கி, 2022–23 முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. அந்த அறிக்கையில், தமக்குப் பொருள் வழங்குவோரின் நிலையையும் அந்நிறுவனங்கள் சொல்ல வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு வளர்ந்தபோதுதான், பேட்டையிலுள்ள பட்டறைக்காரரின் மேசைக்குப் படிவம் வந்து சேர்ந்தது. ரியோவிலிருந்து இங்கு வர அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின.

இந்த 2 விழுக்காட்டையும் பழைய மகமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டம் கேட்பது இலாபத்தில் ஒரு பங்கு. ஆற்றை நஞ்சாக்கியும் நட்டத்தில் ஓடும் ஆலைக்கு அந்தப் பிரிவின்கீழ்க் கடமை ஏதும் வராமல் போகலாம். ஒரு துளி கழிவும் விடாமல் இலாபம் ஈட்டும் ஆலைக்குக் கடமை உண்டு. மகமையோ சுமையின் மீது விழுந்தது. வண்டிக்காரரின் பழைய கணக்கு இந்த ஒரு வகையில் மேலானது என்பேன். தானத்தையும் விரதத்தையும் நாம் வேறு வேறாக வைத்திருக்கிறோம் அல்லவா? உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதல் மூன்றையும் நிறுவனங்கள் பணத்தால் செய்துவிடுகின்றன. மருத்துவமனைக்குக் கருவியும் பள்ளிக்குக் கட்டடமும் வருகின்றன, வரவேற்கிறோம். நான்காவதாகிய அபயதானம் பணத்தால் ஆகாது. உயிர்கள் என்னால் அஞ்ச வேண்டாத நிலையை உண்டாக்குவது அது. ஆற்று மீன் என் குழாயைக் கண்டு அஞ்ச வேண்டாத நிலை.

தன்னார்வ உறுதிமொழியின் எல்லை எது என்பதைத் தமிழ்நாட்டிலேயே கண்டோம். திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற, நிறம் நூலில் பற்றுவதற்காக உப்பை மிகுதியாகப் பயன்படுத்துவார்கள். சாயமும் உப்பும் கலந்த நீர் பல்லாண்டுகளாக நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கிணறுகள் உவர்த்தன; தென்னை கருகியது; வயல் தரிசாயிற்று. இத்தனைக்கும் திருப்பூரின் தொழிற்சங்கங்கள் நாட்டிலேயே கட்டுக்கோப்பானவை; ஏற்றுமதியாளர் சங்கம் 1990 முதல் இயங்கி வருகிறது. துணி வாங்கிய மேல்நாட்டு நிறுவனங்கள் பலவும் வளங்குன்றா வளர்ச்சிக்கு உறுதி கூறியவைதாம். எனினும் நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் சங்கம் வைத்து வழக்காட வேண்டியிருந்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டக் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டர் கணக்கில் அபராதமும் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் சாய ஆலை உரிமையாளர் சங்கத்தின் மேல்முறையீட்டில் உழவர் பக்கமே நின்றது. அப்படியும் நிறைவேறாததால், 2011 சனவரி 28ஆம் நாள், 700க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த மாதங்களில் யார் பட்டினி கிடந்தார்கள் என்பதை அறம் பேசுகிற நாம் மறக்கலாகாது; அவர்கள் ஆற்றில் ஒரு குடம்கூட ஊற்றாதவர்கள்.

பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் கொண்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக மீண்டும் இயங்கின. நீரின் பெரும்பகுதியும் உப்பு நீரும் திரும்பவும் சாயப்பட்டறைக்கே பயன்படுகின்றன. பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் தேங்கியது வேறு சிக்கல். முடியவே முடியாது என்று கருதப்பட்ட ஒன்று, எல்லை ஒன்று வெளியிலிருந்து விதிக்கப்பட்டதும் முடிந்தது. இந்தச் செலவைத் துணியின் விலையில் சேர்த்துத் தர வாங்குவோர் முன்வருவதில்லை என்பது சாயத் தொழிலாரின் நெடுநாள் குறை. அதில் நியாயம் உண்டு. உறுதிமொழி மேலே இருப்பவருக்கு, செலவு கீழே இருப்பவருக்கு என்றால், அந்த உறுதிமொழி யாருடையது?

நம் சமயம் இதில் என்ன சொல்கிறது? இல்லறத்தார் உலகைத் துறந்தவர் அல்லர் என்பதை ஆசாரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் கருதிச் செய்யும் கொலையையும், தொழிலில் நேரும் இம்சையையும், அடுக்களை முதலிய இல்லக் காரியங்களில் நேரும் இம்சையையும், தற்காப்பில் நேர்வதையும் பிரித்துக் காட்டினார்கள். முதலாவதை முற்றிலும் விலக்கு. மற்றவற்றைக் குறைத்துக்கொண்டே போ என்றார்கள். நம்மவர் பெரும்பான்மையும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் ஏர் பிடித்தவர்கள். ஏர் முனையில் புழு சாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே தொழிலே பாவம் என்று நம்மிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனால் எல்லை வகுக்கச் சொன்னார்கள். ஐந்தாவது அணுவிரதத்துக்குப் பொருள் வரைதல் என்று பெயர். நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, தானியம் இவ்வளவு, அதற்கு மேல் எனக்கு வேண்டாம் என்று எண்ணால் சொல்லி, சான்றோர் முன்னிலையில் ஏற்பது. ‘இயன்றவரை குறைப்பேன்’ என்பது விரதம் ஆகாது; எண் இருக்க வேண்டும். இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. கொல்லாமை விரதத்துக்கு வரும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று அதிபாரம் ஏற்றுதல், அதாவது மாட்டின் மீது அது தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுவது. சமந்தபத்திராசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், பொருள் வரைதலின் குற்றங்களைச் சொல்லும்போதும் இந்த அதிபாரத்தை மறுபடி வைக்கிறார். ஒரே குற்றத்தை இரண்டு விரதங்களில் ஏன் சொல்ல வேண்டும்? பேராசைக்கும் இம்சைக்கும் இடையே உள்ள பாலம் அந்தச் சுமைதான் என்பதனால் என்று நான் கருதுகிறேன். அளவுக்கு மேல் விரும்புகிறவன், யாரோ ஒருவரின் முதுகில் அளவுக்கு மேல் ஏற்றித்தான் ஆக வேண்டும். அது மாடாக இருக்கலாம், தொழிலாளியாக இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம்.

நம் ஆற்றுக்கு வருவோம். கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்திலுள்ள பன்னாட்டுக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் 1000 லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குத் தரப்படுகிறது என்னும் செய்தி, 2016–17இல் நெல்லையை உலுக்கியது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஏறுதழுவுதல் போராட்டம் முடிந்த சூட்டோடு, தமிழ்நாட்டு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் வணிகர் சங்கங்களின் பேரவையும், 2017 மார்ச் 1 முதல் அந்தப் பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. மாநிலம் தழுவிய வணிகர் அமைப்புகள், ஆற்றுநீரையும் ஒரு காரணமாகச் சொல்லித் தம் விற்பனையில் ஒரு பகுதியைத் தாமே துறக்க முன்வந்தது எளிய செயல் அன்று. அதற்குரிய மதிப்பை நாம் தர வேண்டும். இன்று அந்தப் பானங்கள் மீண்டும் கடைகளில் இருக்கின்றன என்பதும் உண்மை. எண் இல்லாத உறுதி சூடு ஆறியதும் கரைந்துவிடுகிறது.

அதே ஆற்றில், ஆலைகளைக் குறை கூறிய நம் எல்லோருடைய சாக்கடையும் கலக்கிறது. அதைத் தடுக்கக் கோரிய வழக்கில் 2024இல் நீதியரசர்கள் நேரில் வந்து கரையைப் பார்த்துச் செல்ல வேண்டிய நிலை வந்தது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை, தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே முடியும் ஆறு இது. இதற்காக வேறு மாநிலத்தோடு வழக்கிட இடமில்லை. நமக்கு எதிராளி நாம்தான்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். பொய்யாமை விரதத்தின் அதிசாரங்களுள் கூடலேகம் என்று ஒன்று உண்டு. பொய் ஆவணம் எழுதுவது. கள்ளாமையின் அதிசாரங்களுள் கள்ள அளவையும் கள்ள நிறையும் உண்டு. தண்ணீர் மீட்டரே இல்லாத பட்டறைக்காரர், மாதம் இத்தனை ஆயிரம் லிட்டர் என்று மனம்போல ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டால், அவர் இந்த இரண்டையும் ஒரே பேனாவால் செய்கிறார். மேலே உள்ள நிறுவனம் அந்த எண்ணை மற்ற எண்களோடு கூட்டி, வண்ணத்தாளில் அச்சிட்டு, உலகுக்குக் காட்டும். பொய் கூட்டுத்தொகையில் மறைந்துவிடும், வினை மறையாது. கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஐயம் இல்லை. அளக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

‘கையெழுத்துப் போடாவிட்டால் ஆர்டர் போய்விடுமே’ என்று இங்கே ஒரு தம்பி முன்னரே என்னிடம் கேட்டார். நியாயமான அச்சம், அவரை நம்பி ஆறு குடும்பங்கள் இருக்கின்றன. படிவத்தில் தெரியாத இடத்தில் ‘இன்னும் அளக்கவில்லை, இன்ன மாதம் முதல் அளப்போம்’ என்று எழுதலாம். வாங்குவோரும் தம் அறிக்கையில் அவ்வாறே சொல்லலாம். பொய் எண்ணைவிட அது அவர்களுக்கும் பாதுகாப்பு. மீட்டர் வாங்கவும், மின்தணிக்கை செய்யவும், சாக்கடைக்குப் போகும் எண்ணெய்க் கழிவைத் தனியே பிடித்து வைக்கவும் தனி ஒருவருக்குப் பணம் போதாது என்பது எனக்குத் தெரியும். இங்கேதான் மகமை வர வேண்டும் என்கிறேன். நம் குடும்பத்துத் தொழில்முனைவோர், வாங்கும் ஒவ்வொரு லோடு மூலப்பொருளுக்கும் ஒரு சிறு தொகை என்று அறக்கட்டளையில் தனிக்கணக்கில் போட்டு வைக்கட்டும். இலாபம் வந்தால்தான் என்னும் நிபந்தனை வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் மீட்டர்கள் வாங்குவோம். ஓராண்டு அளந்தபின், ஒவ்வொருவரும் தமக்குரிய எல்லையை எண்ணால் சொல்லி, அடுத்த ஆண்டு இதே விழாவில் எல்லார் முன்னிலையிலும் ஏற்கலாம். சமணர் அல்லாத பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சேர விரும்பினால் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம். நிகமத்தில் எல்லோரும் ஒரே தொழிலாராக இருந்திருக்க வேண்டியதில்லை என்பதை அழகர்மலைக் குகையில் பார்த்தோம். மகமை எவ்வளவு என்பதையும், உழவுக் குடும்பங்கள் கிணற்றுநீருக்கு இதை எவ்வாறு பின்பற்றுவது என்பதையும் குழுவினரே முடிவு செய்யட்டும். எனக்கு உழவின் கணக்குத் தெரியாது.

அறக்கட்டளை தனக்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், தலைவரும் இசைந்தார். அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியாயிற்று. இந்த மண்டபத்துத் தண்ணீர் மீட்டரிலும் மின்மீட்டரிலும் இன்று காலை அபிடேகத்துக்கு முன் இருந்த எண்களை முதல் பக்கத்தில் குறித்திருக்கிறேன். மாலையில் பாத்திரம் கழுவி முடிந்த பிறகு இருக்கும் எண்களைப் பொருளாளர் எழுதுவார். சமையற்கட்டில் மீந்த உணவு எவ்வளவு என்பதைத் தாய்மார்களுள் ஒருவர் எழுதித் தர வேண்டும்.